காஜி தெரிந்த நாக்குக்கு ஆங்கிலம் தூரமில்லை

பதினைந்து மூட்டை உரம் கேட்டேன்; ஐம்பது மூட்டை வந்து இறங்கியது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஸ்டோரில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தொலைபேசியில் ஆங்கிலத்தில்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். நான் சொன்னது ‘ஃபிஃப்டீன்’. அந்தப் பக்கத்துக் காதில் விழுந்தது ‘ஃபிஃப்டி’. லாரி வந்து நின்றபோது ஸ்டோருக்குள் இடமில்லை; வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மீதி மூட்டைகளை வராந்தாவில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, எங்கே தவறினேன் என்பது விளங்காமல் நின்றேன். எழுதச் சொன்னால் எனக்குப் பிழையே வராது. எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி. வாய்தான் காட்டிக் கொடுத்துவிட்டது.

இப்போது தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், கிளினிக் முகப்பிலும் கடைகளிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் முதல் நாளே “அக்கா, எனக்கு நாக்கு தடிப்பு” என்று சொல்லிவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலிகளில் பெரும்பங்கை நாம் தமிழிலும் மலாயிலும் நாள் முழுவதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எழுத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறோமே, அதில்தான் சிக்கல் பிறக்கிறது. காது முன்னே போகட்டும், கண் பின்னே வரட்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முதல் படி: தொண்டையில் கை வையுங்கள்

‘செலாமாட் பாகி’ என்று காலை வணக்கம் சொல்லுங்கள். பிறகு ‘கொடு’ என்ற பொருளில் ‘பாகி’ என்று சொல்லுங்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வாயில் ஒன்றல்ல. அடுத்து, சம்பளம் என்று பொருள்படும் ‘காஜி’, ஆராய்ந்து படிப்பது என்று பொருள்படும் ‘காஜி’. அதே கதைதான். சம்பள நாளில் ‘காஜி மாசோக்’ என்று சொல்லும்போது தோட்டத்தில் பிறந்த யாருக்கும் ஒலி பிசகாது. இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இந்தச் சோடிகளைச் சொல்லிப் பாருங்கள். ‘கொடு’வின் முதலெழுத்திலும் சம்பளத்தின் முதலெழுத்திலும் விரலுக்கு அடியில் அதிர்வு தெரியும். காலைப் பொழுதிலும் ஆராய்ச்சியிலும் அந்த முதலெழுத்து அதிராது.

ஆங்கிலத்தின் முதல் வாசல் இந்த அதிர்வுதான். தமிழில் ஓர் எழுத்து இடத்தைப் பொறுத்து ஒலி மாறும்: ‘கல்’லில் ஒரு க, ‘தங்க’த்தில் ஒரு க, ‘அக’த்தில் இன்னொரு க. அதற்காகத் தனித்தனி எழுத்து நமக்குத் தேவைப்படவில்லை. அதனால் சொல்லின் தொடக்கத்தில் அதிர்வை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்பதைத் தமிழ்க் காது கவனிப்பதில்லை. மலாய் பேசும்போது அதே காது கவனிக்கிறது. ஆங்கில எழுத்துப் பெயர்களை எழுதுவதற்குக்கூடத் தமிழில் இரண்டு ‘பி’யும் ஒன்றாக, இரண்டு ‘டி’யும் ஒன்றாகப் போய்விடுகின்றன. ஆகவே வகுப்பில் நான் ‘அதிரும் பி’, ‘அதிராத பி’ என்றே பெயர் வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்கு அதிரும் பி, பேப்பருக்கு அதிராத பி. நாயைக் குறிக்கும் ‘டாக்’குக்கு அதிரும் டி, டீக்கு அதிராத டி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பால்’ கறந்தேன் என்று தமிழில் சொல்லுங்கள், காகிதம் அசையாது. ஆங்கிலேயர் ‘பேப்பர்’ என்று சொன்னால் முதலெழுத்தில் காற்று வெடித்துக் காகிதம் துடிக்கும். டீக்கும் அப்படியே, சாவியைக் குறிக்கும் ‘கீ’க்கும் அப்படியே. காற்று இல்லாமல் நாம் சொன்னால் அவர்களின் காது அதை அதிரும் எழுத்தாக எடுத்துக்கொள்ளக்கூடும். கண்ணாடிக்கு முன் ஐந்து நிமிடம் காகிதத்தைத் துடிக்க விட்டுப் பழகுங்கள். சிறு பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்கிறார்கள்; பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து கூச்சப்படாதீர்கள்.

இரண்டாம் படி: நாக்குக்கும் உதட்டுக்கும் இடம் காட்டுவது

நம் ‘ட’வுக்கு நாக்கு மேல்நோக்கி மடியும். நம் ‘த’வுக்குப் பல்லைத் தொடும். ஆங்கில டி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘என்’ என்று சொல்லி ‘ன்’னில் நிறுத்துங்கள். நாக்கு நுனி இப்போது மேல்பல்லுக்குச் சற்று உள்ளே, ஈறு மேட்டில் நிற்கிறது. அங்கிருந்தே ‘டீ’ சொல்லுங்கள், ‘டென்’ சொல்லுங்கள். யாழ்ப்பாணத் தமிழர்கள் டொரொன்டோவை ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் வினோதமாக இருக்கும்; ஆனால் நம் ‘ற்ற’வும் ‘ன்ற’வும் பழைய உச்சரிப்பில் இதே ஈறு மேட்டில் பிறக்கிறவை. காதால் கேட்டு எழுதியவர்கள் அவர்கள்.

அடுத்து ‘வ’. இங்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, வி ஒன்று, டபிள்யூ ஒன்று. நம் ‘வ’ இரண்டுக்கும் இடையில் நிற்பதால் மேற்குத் திசையும் உள்பனியனும் நம் வாயில் ஒரே ‘வெஸ்ட்’ ஆகிவிடுகின்றன. மேற்குக்கு உதட்டைக் குவியுங்கள். பணத்துக்கு மலாய்க்காரர் ‘வாங்’ என்று சொல்லும்போது உதடு குவிகிறதே, அதேதான். பல் உதட்டைத் தொடவே கூடாது. பனியனுக்கு மேல்பல்லைக் கீழுதட்டில் லேசாக வைத்து அதிர விடுங்கள். அதிர்வை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விட்டால் அதுதான் எஃப். ‘காப்பி’யும் ‘கோப்பி’யும் பழகிய நமக்கு எஃப் சற்று முரண்டு பிடிக்கும். இரண்டு உதடும் ஒட்டினால் ப ஆகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

‘ஜூ’ என்று நாம் சொல்லும் விலங்குக் காட்சிச்சாலை இசட்டில் தொடங்குகிறது. ‘ஸ்ஸ்’ என்று நீளமாக இழுத்துக்கொண்டே தொண்டையை அதிர விடுங்கள். காதருகே கொசு பறப்பதுபோல் ஒலிக்கும். அவ்வளவுதான் இசட். அஸிஸ் என்ற பெயருள்ள மலாய் நண்பரை ‘அஜீஸ்’ என்று கூப்பிடுவதை இன்றே நிறுத்திவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

டி-எச் சேர்ந்த ஒலிக்கு நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையில் கொஞ்சம் வெளியே நீட்டிக் காற்றை விட வேண்டும். இதை ‘த’ என்று சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். மூன்றை ‘ட்ரீ’ என்று மரமாக்கிவிடாமல் இருந்தால் போதும். இதற்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தை நான்காம் படிக்குக் கொடுப்பது மேல்.

குறில் நெடிலில் நமக்குச் சொத்தே இருக்கிறது. கப்பலுக்கு ‘ஷிப்’, ஆட்டுக்கு ‘ஷீப்’. உட்கார ‘சிட்’, இருக்கைக்கு ‘சீட்’. மலாயில் இந்த நீளக் கணக்கு கிடையாது. நமக்கோ பாலர் பள்ளியிலேயே வந்துவிட்டது. ஆங்கிலம் பேசும்போது அதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: சொல்லின் கடைசியில் வாயை மூடுங்கள்

பஸ்ஸு, பேங்க்கு, கேட்டு, புக்கு. ஏன் இந்த ‘உ’ நம்மை விடுவதில்லை? தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. சொல்லுக்கு இறுதியில் வரத்தக்கவை என நன்னூல் 24 எழுத்துகளைச் சொல்கிறது. அவற்றில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை, குற்றியலுகரம் இருக்கிறது. ஆக ‘உ’ போடுவது அறியாமையல்ல, ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுப்பதற்குப் ‘பெரட்டு’ என்று நம் தாத்தா பாட்டிமார் பெயர் வைத்தார்கள். அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அது. அதன் வாலிலும் இந்த ‘உ’ ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள்.

தமிழ் பேசும்போது ‘பஸ்ஸு’ அழகுதான், அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் கடைசி எழுத்தில் உதட்டையோ நாக்கையோ வைத்த இடத்திலேயே ஒரு கணம் பிடித்து நிறுத்துங்கள். மூடி போட்டதுபோல் இருக்கட்டும், பிறகு திறக்காதீர்கள். அதேபோல் முன்வாசலிலும் ஒரு காவல் வேண்டும். முட்டையை ‘யெக்’ என்றும் திறப்பதை ‘வோப்பன்’ என்றும் சொல்வது ‘எட்டு’க்கு முன் ஒரு ய்யும் ‘ஒன்று’க்கு முன் ஒரு வ்வும் சேர்த்துப் பேசும் பழக்கத்தால்தான். பள்ளிக்கு ‘இஸ்கூல்’ வேண்டாம். ‘ஸ்ஸ்’ என்று முதலில் சீறிவிட்டுக் ‘கூல்’ சேர்த்தால் போதும்.

நான்காம் படி: எங்கே பாரம் விழுகிறது?

என் உர மூட்டைக் கதைக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தமிழில் ஒவ்வோர் அசையையும் ஏறக்குறைய சம எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை மட்டும் தலை நிமிர்ந்து நிற்கும், மற்றவை குனிந்துகொள்ளும். பதினைந்துக்கு இரண்டாம் அசையில் பாரம்: ஃபிஃப்-‘டீன்’, ஈகாரம் நீண்டு, ‘ன்’ முழுதாக ஒலிக்க வேண்டும். ஐம்பதுக்கு முதல் அசையில் பாரம்: ‘ஃபிஃப்’-டி, கடைசி குறுகித் தேய்ந்துவிடும். நான் இரண்டு அசையையும் ஒரே தராசில் வைத்து, ‘ன்’னையும் விழுங்கியிருக்கிறேன். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வரை எல்லா எண்ணுக்கும் இந்த ஆபத்து உண்டு. தொலைபேசியில் எண் சொன்னால் பின்னாலேயே ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கத்தைத் தனித்தனியாகவும் சொல்லுங்கள். அந்த லாரி வந்த நாளிலிருந்து நான் தவறாமல் செய்வது இது.

குனிந்து நிற்கும் அசைகளில் உயிரெழுத்து அரைகுறையாக ஒலிக்கும். எழுத்தில் ஏ இருக்கலாம், ஓ இருக்கலாம், இ இருக்கலாம். ஒலி என்னவோ ஒன்றுதான். ஆங்கிலத்திலேயே அதிகம் கேட்கும் உயிரொலி அது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதை விளக்க ஆசிரியர்கள் பாடுபடுகிறார்கள். மலேசியாவில் வளர்ந்தவருக்கு ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: ‘எம்பாட்’. நான்கு என்ற அந்த மலாய்ச் சொல்லின் முதல் எழுத்து, ‘பெசார்’ என்பதன் ‘பெ’யில் இருக்கும் உயிர், பள்ளியில் ‘எ பெபெட்’ என்று சொல்லிக் கொடுத்தார்களே, அதே ஒலி. ‘டீச்சர்’ என்பதன் கடைசியிலும், ‘அபௌட்’ என்பதன் தொடக்கத்திலும் பெபெட் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பேச்சு உடனே ஆங்கில நடைக்கு மாறிவிடும்.

பெரட்டுக்கு மறுபடியும் வருகிறேன். ‘பரேட்’ என்பதில் முதல் அசை பெபெட், இரண்டாம் அசையில் பாரம். ஆங்கில எழுத்தே தெரியாத முன்னோர் அந்த முதல் அசையைப் ‘பெ’ என்று தேய்த்து, ‘ரட்டு’ என்று இரண்டாவதில் அழுத்தியிருக்கிறார்கள். துரை சொன்னதைக் காதால் மட்டும் கேட்டவர்களுக்குப் பாரம் விழுந்த இடம் தப்பவில்லை. ஏட்டைப் பார்த்துப் படித்த நமக்குத்தான் தப்புகிறது.

ஐந்தாம் படி: இப்போது எழுத்துக்கு வாருங்கள்

ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒலிகள் ஏறத்தாழ 44. கணக்கு இடிப்பதற்கு அதுவே போதும். அதற்கு மேல் வரலாறும் சேர்ந்துகொண்டது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சேறியதும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது. வாய் மட்டும் உறையவில்லை. நெடில் உயிர்கள் ஏறக்குறைய 1400க்கும் 1700க்கும் இடையில் ஒன்றொன்றாக இடம் மாறின. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’ முன்னால் ஒரு கே நிற்கிறதே, ஒரு காலத்தில் அதை உண்மையாகவே ஒலித்தார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் உள்ள அதிரும் பி லத்தீன் மூலச் சொல்லைக் காட்டுவதற்காக அறிஞர்கள் கொண்டுவந்து செருகியது. தீவைக் குறிக்கும் ‘ஐலண்ட்’டின் எஸ் தவறாகவே நுழைந்தது, அந்தச் சொல்லுக்கு லத்தீன் உறவே இல்லை. பிழை உங்கள் மூளையில் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஊமை எழுத்துகளை நினைவில் நிறுத்த உறவினர் வீட்டுக்குப் போங்கள். கையொப்பமிடும் ‘சைன்’னில் ஜி ஊமை, ‘சிக்னேச்சர்’ வீட்டில் அது வாய் திறக்கிறது. ‘டெட்’டில் ஊமையான அதிரும் பி, ‘டெபிட்’டில் பேசுகிறது. ‘மசில்’ என்ற தசைச் சொல்லில் மறைந்திருக்கும் சி, ‘மஸ்குலர்’ என்னும்போது கேட்கிறது. உறவினர் இல்லாத சொல்லை உங்களுக்குள் மட்டும் தமிழ் முறையில் எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். எழுதும்போது மனத்துக்குள் ‘வெட்-நெஸ்-டே’ என்று சொல்பவர் புதன்கிழமையைப் பிழையாக எழுதமாட்டார். வாயால் சொல்லும்போது மட்டும் ‘வென்ஸ்டே’.

மலாய் எழுத்து நமக்குத் துணையா, பகையா என்று கேட்பார்கள். உச்சரிப்புக்குத் துணை, எழுத்துக்கூட்டலுக்குப் பகை என்பேன். கடையில் கொடுக்கும் பணச்சீட்டில் ‘ரெசிட்’ என்று மலாயில் அச்சிட்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது அதற்குள் அதிராத பி ஒன்று ஒளிந்திருக்கும், ஒலிக்காது. அது ஒலிக்காது என்பதை மலாய்ப் பலகையே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. ஆனால் ‘ஃபார்மாசி’யை எஃப் போட்டும், ‘கிளினிக்’கைக் கே போட்டும், ‘ஸ்டேஷன்’னை ‘ஸ்தேசென்’ என்றும் தினமும் பார்க்கும் கண் ஆங்கிலத் தேர்விலும் அப்படியே எழுதிவிடுகிறது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ரயில் நிலையத்திலிருந்து பாசார் வரை ஒருமுறை நடந்து வாருங்கள். இடப்பக்கத்தில் பலகையில் கண்ட மலாய்ச் சொல், வலப்பக்கத்தில் வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்த ஆங்கில எழுத்து. வித்தியாசப்படும் எழுத்தைச் சிவப்பில் எழுதுங்கள். பாடநூல் எதுவும் கொடுக்காத பலன் இதில் கிடைத்திருக்கிறது.

சி என்ற எழுத்து தனியாகப் பேச வேண்டியது. இரும்புக்கடையில் சி-ஏ-டி என்று எழுதியிருந்தால் அது ‘சாட்’, சுவருக்கு அடிக்கும் சாயம். ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்தும் பூனை. தைல டப்பாவில் சி-ஏ-பி ‘சாப்’, முத்திரை, ஆங்கிலத்தில் தொப்பி. ஒட்டுக்கடைப் பட்டியலில் ஏ-ஐ-ஆர் ‘ஆயர்’, தண்ணீர், ஆங்கிலத்தில் காற்று. 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துக்கூட்டலைப் பொதுவாக்கியபோது, அதுவரை மலேசியாவில் சி-எச் என்று எழுதிய ஒலிக்குச் சி மட்டும் போதும் என்று ஆனது. பக்கத்து ஊரான செமோர் மட்டும் பெயர்ப்பலகையில் பழைய சி-எச்சை இன்னும் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் சிக்குப் பின்னால் இ, ஐ, ஒய் வந்தால் ஸகர ஒலி, மற்றபடி பெரும்பாலும் ககர ஒலி.

விதிகள் என்று பார்த்தால் மனப்பாடம் செய்யத் தகுந்தவை சிலவே. கடைசியில் நிற்கும் ஊமை இ தனக்கு முன்னால் உள்ள உயிரை அதன் பெயராலேயே ஒலிக்க வைக்கும்: ‘கிட்’ இ சேர்ந்தால் ‘கைட்’, ‘ஹாப்’ இ சேர்ந்தால் ‘ஹோப்’. ‘கிவ்’, ‘ஹேவ்’, ‘கம்’ இதற்கு அடங்காதவை. இறந்தகாலத்தின் இ-டிக்கு மறுபடியும் தொண்டையில் கை வையுங்கள். வினையின் கடைசி ஒலி அதிராவிட்டால் அதிராத ட்: நடந்தான் ‘வாக்ட்’, ‘வாக்கெட்’ அல்ல. அதிர்ந்தால் அதிரும் ட்: விளையாடினான் ‘ப்ளேய்ட்’. வினையே இரண்டு டியில் ஏதாவது ஒன்றில் முடிந்தால் மட்டும் தனி அசை: ‘வான்டிட்’. பன்மை எஸ்ஸுக்கும் இதே கை. பூனைகளில் அது எஸ், நாய்களில் அதே எழுத்து இசட்டாக ஒலிக்கும், பஸ்களில் தனி அசை.

இன்னொன்று: மலேசியாவில் நாம் எழுதுவது பிரிட்டிஷ் முறை. ‘கலர்’ என்பதற்குள் ஒரு யூ உண்டு. 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் அகராதி அமெரிக்காவில் அதை விலக்கிய வழக்கை நிலைநிறுத்தியது. கைப்பேசி அமெரிக்க முறையில் இருந்தால் நீங்கள் சரியாக எழுதியதன் கீழேயும் சிவப்புக் கோடு போடும், அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கைப்பேசியை வாத்தியாராக்குங்கள்

ஒலிபெருக்கிப் படமுள்ள இணைய அகராதி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். புதுச் சொல்லை முதலில் கேளுங்கள், மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள், அதன் பிறகே எழுத்தைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ஒலிக்குறிகளில் மூன்று போதும்: மேலே நிற்கும் சின்னக் கோடு அடுத்த அசையில் பாரம் என்பதைக் காட்டும், இரட்டைப் புள்ளி நெடில், தலைகீழான ஆங்கில இ நம் பெபெட்.

பிறகு குரலால் தட்டச்சு செய்யும் வசதியை ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒற்றைச் சொற்களைச் சொல்லுங்கள். முழு வாக்கியம் வேண்டாம். முன்பின் சொற்களை வைத்து அது ஊகித்துவிடும். ‘ஷீப்’ என்று சொல்லிக் கப்பல் வந்தால் மறுபடியும் சொல்லுங்கள். அது சலித்துக்கொள்ளாது, யாரிடமும் போய்ச் சொல்லாது. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். வெள்ளைக்காரர்போல் பேச வேண்டும் என்று நான் யாரையும் கேட்பதில்லை. மலேசியத் தமிழர் குரலிலேயே, எதிரில் இருப்பவர் இரண்டாம் முறை கேட்க வேண்டிய தேவை இல்லாமல் பேசினால் போதும்.

கிளினிக் முகப்பில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி இரவில் குரல் பதிவு அனுப்புவாள். மருந்தின் அளவுகள்: பதின்மூன்று, முப்பது, பதினைந்து, ஐம்பது. முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே எது எது என்று பிரிக்க முடியவில்லை. நேற்று வந்த பதிவைத் தாளில் எழுதிக்கொண்டே கேட்டேன். பன்னிரண்டு எண்ணில் பதினொன்று சரி. பதினெட்டில் மட்டும் ‘ன்’ இன்னும் தேய்கிறது. நாளைக்கு அந்தக் காகிதத் துண்டை எடுத்து வைத்துவிட்டு, அவளை ‘என்’ என்று சொல்லி நிறுத்தச் சொல்ல வேண்டும்.